பத்து மணிக்குத் திறக்கும் மதகு

என் அத்தா மட்டாஞ்சேரியில் அந்த வீட்டை வாங்கியபோது வாசலுக்கு ஐந்து படிகள் இருந்தன. நான் பள்ளிக்கூடம் முடித்தபோது மூன்று. எனக்குக் கல்யாணமானபோது இரண்டு. படிகளை யாரும் உடைக்கவில்லை. நகரசபைக்காரர்கள் சந்துத் தரையைச் செப்பனிட வரும்போதெல்லாம் பழைய பாதையைக் கிளறாமல் அதன் மேலேயே ஜல்லியும் செம்மண்ணும் கொட்டி, உருளையை ஓட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சந்து வளர்ந்துகொண்டே வந்தது, வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. எங்கள் சந்தில் இருபத்திரண்டு வீடுகள். அவற்றில் பதினேழு வீடுகளின் தரை சந்தின் மட்டத்தை விடத் தாழ்ந்துபோயிருந்தது. எண்ணிப் பார்ப்பது என் பழக்கம். எண்ணாமல் விட்டால் ஏதோ ஒன்று குறைந்துகொண்டே போவதாகத் தோன்றும். பெரும்பாலும் குறைந்துகொண்டும்தான் போயிருக்கிறது.

சந்தின் ஓரமாக ஒரு சாக்கடை. காணா என்பார்கள். அது கிழக்கே போய், காயலோடு சேர்ந்த ஒரு தோட்டில், அதாவது சிறு கால்வாயில், விழும். விழும் இடத்தில் கருங்கல் சட்டம் கட்டி, அதில் ஏற்றி இறக்கும் ஒரு மரப்பலகை வைத்திருந்தார்கள். அதுதான் மதகு. காயலில் கடலின் ஏற்றம் வரும்போது பலகையை இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் சந்துக்குள் வந்துவிடும். இறக்கம் வரும்போது தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் தண்ணீர் எங்களுக்குள்ளேயே தங்கிவிடும். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். அதுவும் தினம் ஒரே நேரத்தில் வராது. இன்றைக்கு வந்ததை விட நாளைக்கு ஏறக்குறைய இரண்டு நாழிகை பிந்தி வரும்.

தோட்டுக்கரையில் குடியிருந்த வள்ளக்காரர் ஒருவர் வெகு காலம் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டார். அவருடைய வள்ளத்துக்கும் தண்ணீரின் போக்கு தெரிய வேண்டியிருந்ததால் அது அவருக்குத் தனி வேலையாக இருக்கவில்லை. அவர் இறந்துபோன பிறகு சண்டை ஆரம்பித்தது. தோட்டுக்கரையில் இருந்தவர்களுக்குச் சாக்கடைத் தண்ணீர் தங்கள் படித்துறைக் கடவில் விழுவது பிடிக்கவில்லை, பலகையை எப்போதும் இறக்கியே வைத்தார்கள். சந்துக்காரர்கள் போய்த் தூக்கினார்கள். அவர்கள் இறக்கினார்கள். இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. வார்டு மெம்பர் குடையோடு வந்து இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி, நியாயமாக ஒரு தீர்ப்புச் சொன்னார். மதகுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவது. சாவி நகரசபை ஆபீசில் இருக்கும். பியூன் காலை பத்து மணிக்கு வந்து பலகையைத் தூக்குவார், மாலை ஐந்து மணிக்கு இறக்கிப் பூட்டுவார். பகல் சந்துக்கு, இரவு தோட்டுக்கரைக்கு. பாதிக்குப் பாதி.

இரண்டு தரப்பும் கை தட்டியது. மூலையிலிருந்த பலசரக்குக் கடை இக்கா எல்லாருக்கும் சாயா கொடுத்தார். கடலுக்கு ஆபீஸ் நேரம் தெரியுமா என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அத்தனை பேரும் தண்ணீர்க் கரையில் பிறந்து வளர்ந்தவர்கள். ஆனால் அன்றைக்கு எல்லார் மனத்திலும் இருந்தது எதிராளியை மடக்குவதுதான், காயல் அல்ல.

எனக்கு அப்போது இரண்டு குழந்தைகள் பிறந்து இரண்டும் போயிருந்தன. மூத்தவன் பிறந்த ஏழாம் மாதத்தில், இளையவன் ஐந்தாம் மாதத்தில். இரண்டு பேரும் கர்க்கடக மாதத்தை, நம் ஆடி மழையை, தாண்டவில்லை. வீட்டுக்குள் தண்ணீர் வரும், பின்கட்டில் இருந்த கக்கூஸ் வாளி நிரம்பி அந்தத் தண்ணீரோடு கலக்கும், அடுப்பு நனையும், வெந்நீர் இருக்காது, வயிற்றுப்போக்கு வரும். இந்த வரிசை எனக்கு மனப்பாடம். ஆஸ்பத்திரி டாக்டர் இரண்டாவது முறை என்னைத் தனியே கூப்பிட்டு, "மருந்தெல்லாம் அப்புறம். தரை உலர்ந்திருக்கணும், தண்ணி கொதிக்கணும். அது ரெண்டும் இல்லேன்னா என்கிட்டக் கொண்டுவந்து பிரயோஜனம் இல்லை" என்றார்.

மூன்றாவதாகப் பெண் பிறந்தாள். அந்த வருஷம் இடவ மாதம், நம் வைகாசி, பிறந்தபோது அவளுக்கு ஐந்து மாதம். இவளையாவது மழை தாண்டிக் கரை சேர்க்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கும் என் மனைவிக்கும் வேறு நினைப்பே இல்லை.

மழைக்கு முன்னால் சாக்கடை வாருவது வழக்கம். நகரசபை ஆட்கள் ஆறு பேர் மண்வெட்டியோடு வந்து, கரியாக இருந்த சேற்றை அள்ளிச் சாக்கடையின் விளிம்பிலேயே குவித்தார்கள். ஈரச் சேற்றை மாட்டுவண்டியில் ஏற்றினால் வழியெல்லாம் ஒழுகும் என்பதால், நாலைந்து நாள் காயவிட்டுத்தான் வண்டி வரும். அதுதான் அவர்கள் முறை. எங்கள் சந்தில் முப்பத்தொன்பது குவியல்கள். சேற்றோடு இறால் ஓடும், தேங்காய் மட்டையும், கிடங்குகளில் சுக்குப் புடைத்த தூசியும். நான் சுக்குக் கிடங்கில்தான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தினம் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் குவியல்களை எண்ணுவேன்.

"வண்டி எப்போ வரும்?" என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

"காஞ்சா வரும்."

"காயறதுக்குள்ள மழை வந்தா?"

"வந்தா திரும்ப வாருவோம். எங்களுக்கு வேலைதானே?"

வண்டி வரவில்லை. மழை வந்தது. ஒரே ராத்திரியில் முப்பத்தொன்பது குவியலும் கரைந்து வந்த இடத்துக்கே போய்ச் சேர்ந்தன. காலையில் பார்த்தேன், சாக்கடை முன்பை விட ஒரு சாண் மேடாக இருந்தது.

அதன் பிறகு தினம் காலையில் ஆபீசுக்குப் போனேன். இறக்கம் விடியற்காலையில் வந்தால் பலகை பூட்டியிருக்கும், சந்துத் தண்ணீர் வெளியே போகாது. பத்து மணிக்குப் பலகையைத் தூக்கும்போது காயலில் ஏற்றம் தொடங்கியிருக்கும், உப்புத் தண்ணீர் உள்ளே வரும். ஐந்து மணிக்கு அதையும் சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். பியூனிடம் இதை விரலால் மேஜை மேல் தண்ணீரில் கோடு போட்டுக் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்தார்.

"எனக்கு மனசிலாச்சு கணக்கப்பிள்ளே. ஆனா பத்து முதல் அஞ்சு வரைன்னு எழுதிக் கையொப்பம் இட்டது மெம்பரும் ஓவர்சீயரும். கடலுக்கு அவசரம்னா அது பத்து மணிக்கு வரட்டும்."

மெம்பர் குடையை மடக்காமலே கேட்டார், "ஒரு மாற்றம் பண்ணினா தோட்டுக்கரைக்காரங்க சும்மா இருப்பாங்களா? நீங்க ஒரு அபேட்சை எழுதித் தாங்கோ, அடுத்த யோகத்தில வைக்கலாம்." மனு எழுதிக் கொடுத்தேன். அடுத்த கூட்டம் மழைக்காலம் முடிந்துதான் என்று பிறகு தெரிந்தது.

மிதுன மாதம் பாதியில், ஒரு வெள்ளிக்கிழமை, குழந்தைக்கு வயிறு கழியத் தொடங்கியது.

சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள். பியூன் ஒரு மணிக்கே பலகையை இறக்கிப் பூட்டிவிட்டுப் போனார். இனித் திங்கட்கிழமை பத்து மணிக்குத்தான். அன்று மாலை பிடித்த மழை விடவே இல்லை. ஞாயிறு விடிந்தபோது இரண்டு படியும் மூழ்கி, தண்ணீர் நிலைப்படியைத் தாண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் கணுக்கால் அளவு. பின்கட்டிலிருந்து வருவது எது, முன்வாசலிலிருந்து வருவது எது என்று பிரித்தறிய முடியவில்லை. நாற்றம் ஒன்றாகவே இருந்தது. என் மனைவி தொட்டிலை உத்தரத்தில் இரண்டு முடிச்சு உயர்த்திக் கட்டிவிட்டு, கட்டில் மேல் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் தண்ணீர் நின்றது. ஊறிய விறகு புகையைக் கூடத் தரவில்லை.

"விடிஞ்சதிலிருந்து ஆறு தடவை போயிட்டா" என்றாள். "கண்ணு உள்ளே போகுது. பெரியவனுக்கும் முதல்ல கண்ணுதான் போச்சு."

பக்கத்து மாடி வீட்டில் கேட்டு ஒரு செம்பு வெந்நீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, சுள்ளிக்கல்லில் இருந்த பியூன் வீட்டுக்கு ஓடினேன்.

அவர் பனியனோடு கப்பைக் கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"சாவி என்கிட்ட இல்லை. ஓவர்சீயர் அலமாரியில வச்சுப் பூட்டிட்டுத் திருப்பூணித்துறைக்குப் போயிட்டார். நாளைக்குக் காலையில பஸ்ஸுக்குத்தான் வருவார்."

"நாளைக்கு வரைக்கும் குழந்தை தாங்காது."

அவர் கை கழுவினார். வாசல் வரை வந்து மழையைப் பார்த்தபடி நின்றார். "பூட்டுல கை வச்சீங்கன்னா என் ஜோலி போகும். எனக்கும் நாலு பிள்ளைங்க. ஆனா பலகை பழசு. மழையில பலகை உடைஞ்சா அது யார் குற்றமும் இல்லை." பிறகு சட்டென்று, "நான் ஒண்ணும் பறஞ்சதில்லை" என்று சொல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கிடங்கிலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு நான் மதகுக்குப் போனபோது உச்சிப்பொழுது. பலகைக்கு அந்தப் பக்கம், தோட்டில், இறக்கம். தண்ணீர் வடிந்து வள்ளங்களின் அடி சேற்றில் பதிந்து கிடந்தது. இந்தப் பக்கம் எங்கள் சந்துத் தண்ணீர் பலகையின் விளிம்பில் தளும்பிக்கொண்டிருந்தது. இடையில் ஒன்றரை அங்குல மரம். அவ்வளவுதான். என் குழந்தைக்கும் உலர்ந்த தரைக்கும் நடுவில் ஒன்றரை அங்குலம்.

கடப்பாரையை ஓங்கியதும் தோட்டுக்கரையிலிருந்து மீன்காரச் சேச்சி ஓடி வந்தாள். பின்னால் அவளுடைய இரண்டு மகன்கள். முன்பு மண்டை உடைந்ததில் ஒன்று அந்த வீட்டு மண்டை.

"எடோ தமிழா! இருபத்திரண்டு வீட்டுப் பீயையும் எங்க கடவுல கொண்டு வந்து தள்ளுறியா? போடு அதைக் கீழே!"

"சேச்சி, குழந்தைக்கு வயிறு போகுது. வீட்டுக்குள்ள தண்ணி."

"எல்லா வீட்டிலயும்தான் குழந்தை. எங்க வீட்டில என்ன பூனைக்குட்டியா?"

"இது மூணாவது, சேச்சி."

அவள் கையை ஓங்கியபடியே நின்றாள். முதல் இரண்டையும் அவளுக்குத் தெரியும். இரண்டாவதைக் கபர்ஸ்தானுக்குக் கொண்டுபோனபோது, கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓரமாக நின்றவள் அவள்.

"இறக்கம் தீர ரெண்டு மணி நேரம்தான் இருக்கு" என்றாள் கடைசியில். குரல் இன்னும் கோபமாகத்தான் இருந்தது. மகன்களைப் பார்த்து, "எந்தா நோக்கி நிக்கிறது? அவன் கையைப் பார், பேனா பிடிக்கிற கை. இவன் உடைச்சு முடிக்கிறதுக்குள்ள ஓணம் வந்துடும். வாங்கிக்கோ!" என்றாள்.

பெரியவன் கடப்பாரையை வாங்கி நாலாவது குத்தில் பலகையைப் பிளந்தான். தண்ணீர் இடிபோலச் சத்தம் போட்டு வெளியே பாய்ந்தது. இறால் ஓடு, மட்டை, செத்த எலிகள், வாரிக் குவித்துக் கரைந்துபோன அந்த முப்பத்தொன்பது குவியல், எல்லாம் போயின. பலகையின் மேல் துண்டு மட்டும் சங்கிலியில் தொங்கியது. பூட்டு பூட்டியபடியே இருந்தது.

சந்தில் தண்ணீர் வடிவதைப் பார்த்து ஆட்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். சிரிப்பும் கூச்சலும். பலசரக்குக் கடை இக்காதான் முதலில் கேட்டார்.

"அதெல்லாம் சரி கணக்கப்பிள்ளே, சாயங்காலம் ஏற்றம் வருமே, அப்போ எதை வச்சு அடைக்கப்போறே?"

நான் காலையிலிருந்து தண்ணீரை வெளியேற்றுவதை மட்டுமே நினைத்திருந்தேன். இப்போது திறந்த வாயோடு மதகு நின்றது. ஆறு மணி வாக்கில் ஏற்றம். மழையும் சேர்ந்தால் காலையில் கணுக்கால் அளவு வந்தது முழங்கால் அளவு வரும். கூட்டத்தில் ஒருவர், "நல்லா இருந்த பலகையை உடைச்சான்" என்று சொன்னது காதில் விழுந்தது. இக்காவின் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

முதுகில் ஏதோ குத்தியது. கடையை அடைக்கும் நிரைப்பலகைகள். மட்டாஞ்சேரிக் கடைகளுக்குக் கதவு கிடையாது. செங்குத்தான பலகைகளை ஒவ்வொன்றாக மேலும் கீழும் வெட்டிய காடியில் நிறுத்தி அடைப்பார்கள். முறை மாறக்கூடாது என்பதற்காக ஒவ்வொன்றிலும் எண் போட்டிருக்கும். இக்காவின் கடைக்குப் பதினொன்று. ஒன்பது அங்குல அகலம் ஒவ்வொன்றும். மதகின் வாய் ஐந்தடி. முணுமுணுத்து எண்ணிக்கொண்டே எழுந்தேன்.

"இக்கா, ஏழு பலகை தாங்க."

"ஏழா? என் கடையை எதை வச்சு அடைக்கிறது? உன் மீசையை வச்சா?"

"சாக்கு கட்டிக்கலாம்."

"சாக்கு! அரிசியும் சர்க்கரையும் உள்ளே இருக்கு. இந்தச் சந்துல இருக்கிற கள்ளன்மாரை எல்லாம் எனக்குப் பேர் சொல்லித் தெரியும். எல்லாரும் என்கிட்டத்தான் கடன் வாங்கறாங்க." கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. என்னை ஒரு முறை பார்த்தார். "கொண்டுபோ. அஞ்சு முதல் பதினொண்ணு வரை எடு. முதல் நாலும் என் வாப்பா வச்சது, தொடாதே."

தோட்டுப் பக்கமிருந்து ஏழு பலகைகளையும் செங்குத்தாக, கடையை அடைப்பதுபோலவே வரிசையாக நிறுத்தி, மேலே கருங்கல் சட்டத்தில் சாய்த்தோம். இடுக்குகளில் கிடங்கிலிருந்து கொண்டுவந்த சுக்குத் தூசி மூட்டைகளை அடைத்தோம். ஏற்றம் வந்தது. வர வரத் தண்ணீரே பலகைகளைச் சட்டத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டது. கீழே கொஞ்சம் கசிந்தது, அவ்வளவுதான். சேச்சியின் மகன்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டார்கள். நான் வீட்டுக்கு ஓடினேன். தரையில் சேறு இருந்தது, தண்ணீர் இல்லை. என் மனைவி அடுப்பைக் கழுவி, உடைந்த முக்காலியை விறகாக்கி உலை வைத்திருந்தாள். தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் அதன் குமிழிகளைப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் நின்றேன்.

அன்றைக்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். மேலும் ஒன்பது நாள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. அந்த ஒன்பது நாளும் ஏற்றத்துக்குப் பலகை வைத்து, இறக்கத்துக்குப் பலகை எடுத்து, இடையில் ஆஸ்பத்திரிக்கு ஓடி, கிடங்கில் தப்புத் தப்பாகக் கூட்டி முதலாளி சேட்டிடம் வசவு வாங்கினேன். ஒரு நாள் பகலில் அவள் அழுவதைக்கூட நிறுத்திவிட்டாள். அந்த அமைதியைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. என் மனைவி அவள் உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி அழவைத்தாள். பத்தாவது நாள் அவளாகவே பசிக்கு அழுதாள்.

பலகை உடைந்த மறுநாள், திங்கட்கிழமை, பத்து மணிக்குப் பியூன் வந்ததையும் சொல்ல வேண்டும். பலகை இல்லாத மதகில் தொங்கிய பூட்டைச் சாவி போட்டுத் திறந்தார். ஐந்து மணிக்கு வந்து பூட்டினார். அடுத்த நாளும் அப்படியே. உத்தரவு அது. புதன்கிழமை ஓவர்சீயர் மதகைப் பார்க்க வந்தார்.

"யாரு இதை உடைச்சது?"

"மழை" என்றார் இக்கா.

"மழைக்குக் கடப்பாரை உண்டா?"

"இந்த வருஷ மழைக்கு உண்டு, ஸாரே" என்றாள் சேச்சி.

கர்க்கடகம் முடியும் வரை பலகைகளை வைத்து எடுத்தோம். ஒரு நேரம் சந்துக்காரர்கள், ஒரு நேரம் தோட்டுக்கரைக்காரர்கள். சண்டை வரவில்லை. மதகு கையில் இருந்தபோது ஒருவருக்கும் சண்டை போட நேரமில்லை. பிறகு சிங்க மாதம், நம் ஆவணி, பிறந்து, ஒரு புதன்கிழமை, நகரசபையிலிருந்து தார் பூசிய புதுப்பலகை வந்தது. முன்பை விடக் கனமானது. புதுச் சங்கிலி. மெம்பர் குடையோடு வந்திருந்தார். இக்காவின் ஏழு பலகைகளைத் திருப்பிக் கொடுத்தோம். அவை தண்ணீரில் ஊறிப் பருத்து, காடியில் ஏழுக்குப் பதில் ஆறுதான் நுழைந்தன. பதினொன்றாம் எண் பலகை வெளியே நின்றது. "வெயிலில் காஞ்சா நுழையும்" என்றார் அவர். அது கடைசி வரை நுழையவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

புதுப்பலகை ஏறி இறங்குவதைப் பார்த்து எல்லாரும் கை தட்டினார்கள். சேச்சியின் மகன்களும் தட்டினார்கள். இக்கா சாயா போட்டார். பியூன் மட்டும் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூட்டத்தை விலக்கி அவரிடம் போனேன்.

"சாவி?"

"ஆபீஸ்ல" என்றார் மெதுவாக. "பத்து முதல் அஞ்சு வரை."

சாயா கிளாசைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். ஐப்பசியில் வரும் துலா மழை இன்னும் பாக்கி. அத்தா வாங்கிய வீடு. இரண்டு படி. கீழ்ப்படியின் விளிம்பில் புதிதாகக் கொட்டிய ஜல்லி ஏறத் தொடங்கியிருந்தது.

என் மனைவி வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"திரும்பப் பூட்டிட்டாங்களா?"

"ஆமாம். சுள்ளிக்கல்லில் மேட்டுப் பக்கம் ஒரு ஒற்றை அறை வாடகைக்கு இருக்காம்."

இந்த வீட்டை விட்டா, அத்தா வீட்டை விட்டா என்றெல்லாம் அவள் கேட்கவில்லை.

"இன்னிக்குப் புதன்தானே?" என்றாள்.

"புதன்."

"அப்போ சனிக்கிழமை ஒரு மணிக்குப் பூட்டுற வரைக்கும் நேரம் இருக்கு" என்று சொல்லி, குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போய் உத்தரத்திலிருந்து தொட்டிலை அவிழ்க்கத் தொடங்கினாள்.